மச்சான் கை கழுவிய தண்ணீர்

அந்த எண்ணம் எனக்கு ஒரு பருத்தி விதை மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தபோது வந்தது. அருப்புக்கோட்டையில் ஓர் உரக்கடை. தொண்ணூறுகள் பிறந்து ஓரிரு வருஷம்தான் ஆகிறது. வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டு, எழுதிப் போட்ட எந்த இடத்திலிருந்தும் பதில் வராமல், "வீட்ல சும்மா இருக்கறதுக்கு இங்க வந்து சும்மா இரு" என்று கடைக்காரர் அழைத்ததால் போய் உட்கார்ந்தவன் நான். புரட்டாசி பிறந்திருந்தது. திருச்சுழிப் பக்கத்து விவசாயச் சம்சாரி ஒருவர் கையில் ஈரச்சாக்குத் துண்டோடு கடைக்குள் ஏறினார்.

"என்ன வெதைய்யா குடுத்தீரு? சாக்குல முடிஞ்சு வச்சுப் பாத்தேன். பாதிக்கு மேல மொளைக்கவே இல்ல."

"நெலத்துல போட்டா வந்துரும்ணே. கொஞ்சம் ஈரம் பத்தலையோ என்னமோ."

"நெலத்தச் சொல்லாதீரும். அது எங்க தாத்தன் காலத்துல இருந்து வெளையுற கரிசல். வெதை சொத்தைன்னா நெலம் என்னய்யா செய்யும்?"

கடைக்காரர் மறுபேச்சுப் பேசாமல் மூட்டையை மாற்றிக் கொடுத்தார். மாற்றிக் கொடுத்தது நான் உட்கார்ந்திருந்த மூட்டை என்பதால் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. எழுந்து நின்ற அந்த நொடியில்தான் எனக்கு என் அக்காவின் ஞாபகம் வந்தது.

எங்கள் பக்கம் வானத்தை நம்பி விதைக்கிற பக்கம். கையில் இருக்கிற விதையை ஈரச்சாக்கில் முடிந்து பார்க்காமல் ஒருத்தரும் காட்டில் இறங்க மாட்டார்கள். முளைக்கவில்லையென்றால் விதையைத்தான் திட்டுவார்கள். இத்தனை விவரமான ஜனங்கள், வீட்டில் ஒரு பிள்ளை பிறக்கவில்லையென்றால் மட்டும் நிலத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அக்காவுக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம். பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டின் மேல் மச்சானுக்கு லாரி பேட்டரி ரிப்பேர் கடை. நல்ல ஓட்டம். கடைக்குப் பின்னாலேயே வீடு. வீட்டில் அத்தை என்று நாங்கள் கூப்பிடும் மச்சானின் அம்மா, மச்சான், அக்கா, மூன்றே பேர். இந்த நான்கு வருஷத்தில் அக்காவுக்குச் செய்த வைத்தியத்தை எடுத்துப் பார்த்தால் எனக்கு என் கல்லூரிச் சுவரில் தொங்கிய தனிம அட்டவணைதான் நினைவுக்கு வரும். கோயிலுக்கு வெள்ளித் தொட்டில். இடுப்பில் செம்புத் தகடு அடைத்த தாயத்து. விரலில் ஐம்பொன் மோதிரம். தலையணைக்கு அடியில் இரும்பு. அக்கா நடந்தால் பாத்திரக்கடை நடந்த மாதிரி இருக்கும். விருதுநகரில் ஒரு லேடி டாக்டரிடமும் காட்டினார்கள். அந்த அம்மா எல்லாம் பார்த்துவிட்டு, "இவங்களுக்கு ஒண்ணும் கொறையில்ல. அடுத்த தடவை வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்றிருக்கிறார். முதல் வாக்கியத்தைக் கேட்டு, "கொறையில்லாத பொம்பளைக்கு ஏன் தங்கல?" என்று அத்தை கவலையைக் கூட்டிக்கொண்டார். இரண்டாவது வாக்கியம் அந்த அறையிலேயே விழுந்து கிடக்கிறது. யாரும் எடுத்து வரவில்லை.

இப்போது பாலவனத்தத்தில் ஒரு பெண்ணை அத்தை பார்த்து வைத்திருந்தார். தையில் முடித்துவிடலாம் என்று பேச்சு. அக்காவைத் துரத்தப் போவதில்லை, "அவளும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்" என்பது அத்தையின் பெருந்தன்மை. அதைக் கேட்டதிலிருந்து என் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

அன்றைக்கு விதை மாற்றிக்கொண்ட சம்சாரி போகும்போது கடைக்காரர் அவர் கையில் துத்தநாக சல்பேட் பொட்டலம் ஒன்றையும் திணித்தார். "நெல்லுக்கு ஜிங்க் போடும்ணே. நம்ம மண்ணுல அது கம்மி. பயிரு பாக்க நல்லாத்தான் நிக்கும், மணி புடிக்காது."

எனக்குப் புல்லரித்துவிட்டது. மண்ணில் துத்தநாகம் கம்மி. அந்த மண்ணில் விளைந்ததைத் தின்கிற மச்சானிடமும் கம்மியாகத்தானே இருக்கும்! ஆண் உடம்பில் வித்து உண்டாவதற்குத் துத்தநாகம் வேண்டும் என்று எங்கோ படித்த ஒரு வரி மண்டைக்குள் மணியடித்தது. பார்க்க நல்லாத்தான் நிற்கிறார் மச்சான். மணி பிடிக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். அடுத்த பஸ்ஸில் பந்தல்குடிக்கு ஏறிவிட்டேன்.

அக்கா கொல்லைப்புறத்தில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல, பிழிந்த வேட்டியைத் திரும்பவும் பிழிந்தாள்.

"மெதுவாப் பேசுலே. அத்தை உள்ளதான் இருக்காக."

"ஒரே ஒரு டெஸ்ட்டுக்கா. மதுரையில எடுக்குறாங்க. அதுக்கப்புறம் ஜிங்க் மாத்திரை..."

"அவுககிட்ட யாரு சொல்றது? நானா? உங்கமேலதான் கொறைன்னு நான் சொல்லணுமா?"

"கொறைன்னு சொல்ல வேண்டாம். சத்துக் கம்மின்னு சொல்லு."

"நீயே போய்ச் சொல்லு. கடையிலதான் இருக்காக. ஆசிட் பக்கத்துல நிக்காத, எறிஞ்சாலும் எறிவாக."

மச்சான் கோபக்காரர் இல்லை. ஆனால் அன்றைக்கு நான் அக்காவின் எச்சரிக்கையை மதித்து ஆசிட் ஜாடியிலிருந்து தள்ளியே முக்காலியைப் போட்டேன். தள்ளி உட்கார்ந்ததால்தான் அவர் வேலை செய்வதை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தேன்.

பழைய பேட்டரியை உடைத்துப் பிளேட்டுகளை வெளியே எடுப்பார். அதிலிருந்து சாம்பல் நிறத்தில் பொடி பறக்கும். உதறித் தட்டுவார். ஒரு இரும்புச் சட்டியில் காரீயத்தைப் போட்டு அடுப்பில் உருக்கி, டெர்மினல் வார்ப்பார். கடைக்குள்ளேயேதான் அடுப்பு. புகை அவர் முகத்தைச் சுற்றி வந்து, கூரையைத் தொட்டு, திரும்பவும் அவரிடமே வரும். டீக்கடையிலிருந்து வடை வந்தது. வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துவிட்டு வடையைப் பிய்த்தார். வடையில் சாம்பல் நிறத்தில் விரல் பதிந்திருந்தது.

"கை கழுவலையா மச்சான்?"

"தண்ணிக்கு எங்க போக? கொழாயில வந்து ரெண்டு நாளாச்சு."

கடைக்குள் தண்ணீர் இல்லாமல் இல்லை. கேன் கேனாக டிஸ்டில்டு வாட்டர் அடுக்கியிருந்தது. அது பேட்டரிக்கு. குழாய்த் தண்ணீர் பட்டால் பேட்டரியின் ஆயுள் குறைந்துவிடும் என்று மச்சான் ஒரு சொட்டு விட மாட்டார். குடிக்கிற தண்ணீரை அவர் பிடித்து வைத்திருந்தது காலியான லாரி பேட்டரியின் கறுப்புப் பெட்டி ஒன்றில். கெட்டியான பெட்டி, உடையாது, சூட்டைத் தாங்கும், வீணாகத் தூக்கிப் போடுவானேன் என்ற சிக்கனம். ஒரு டம்ளர் மொண்டு என்னிடம் நீட்டினார். தாகமில்லை என்றேன். எனக்குத் தொண்டை வறண்டிருந்தது.

துத்தநாக யோசனையோடு வந்தவன் அப்படியே திரும்பிப் போனேன். இல்லாததைத் தேடி வந்த எனக்கு, இருப்பது கண்ணில் பட்டுவிட்டது. படித்த கல்லூரியின் நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். காரீயம் உடம்புக்குள் போனால் ஆணின் வித்தணுக்கள் எண்ணிக்கையில் குறையலாம், இருப்பவையும் சோம்பி நிற்கலாம், துத்தநாகம் செய்கிற வேலையை அது நடுவில் புகுந்து கெடுக்கும் என்றெல்லாம் ஒரு தடித்த புத்தகத்தில் இருந்தது. தூசியாகவும் போகும், புகையாகவும் போகும், சாப்பாட்டோடும் போகும் என்றும் இருந்தது. அந்தப் பக்கத்தை எழுதியவர் பந்தல்குடியில் வந்து வடை தின்றுவிட்டுப் போனாரோ என்று சந்தேகமாகிவிட்டது.

மறுபடியும் போனேன். இந்தத் தடவை நேரடியாகவே சொன்னேன். ஈரச்சாக்குக் கதையையும் சேர்த்துச் சொன்னேன், அது அவர் மனசைத் தொடும் என்று நினைத்து.

"ஏலே மாப்ள, நான் என்ன பருத்திக்கொட்டையா? சாக்குல முடிஞ்சு வச்சு எண்ணிப் பாக்கப் போறியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான் மச்சான்."

"எங்கப்பாவுக்கு ஏழு பிள்ளைக."

"அவுக பேட்டரி வேலை பாத்தாகளா?"

"வெத்தலைக் கொடிக்கால் வச்சிருந்தாக."

"அப்ப சரிதான்."

மச்சான் சிரிக்கவில்லை. வாசலைப் பார்த்தார். ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பிறகு மேஜை டிராயரின் கடைசி மூலையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார். உள்ளே செங்கல் நிறத்தில் பொடி.

"ஆறு மாசமா தேனுல கொழைச்சுத் திங்கேன். மதுரையில லாட்ஜுக்கு வந்து போற வைத்தியர் குடுத்தது. ஒம்பது லோகம் சேந்த செந்தூரமாம். உங்கக்காவுக்குத் தெரியாது."

நான் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அத்தனை பேரும் அக்காவைத் தகடு கட்டி உட்கார வைத்திருந்தபோது, மச்சானுக்கு அவர் மேலேயே சந்தேகம் இருந்திருக்கிறது. இருந்தும் வாய் திறக்கவில்லை. பகலெல்லாம் இலவசமாக ஓர் உலோகத்தைத் தின்றுவிட்டு, அதைச் சரிக்கட்ட, லாட்ஜில் வாங்கிய ஒன்பது உலோகத்தைத் தின்றிருக்கிறார். அக்காவுக்கு நாலு, இவருக்குப் பத்து. நான் கொண்டுவந்த துத்தநாகத்தையும் சேர்த்திருந்தால் பதினொன்று.

"இது தெரிஞ்சுக்கிட்டேதான் பாலவனத்தத்துக்குச் சம்மதிச்சீகளா மச்சான்?"

"நான் எங்க சம்மதிச்சேன்? வேண்டாம்னு சொல்லல, அவ்வளவுதான்."

பேச்சால் ஆகாதபோது எனக்குச் சோதனை செய்யத்தான் தோன்றும். அடுத்த நாள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பழைய பழக்கத்தில் கேட்டு வாங்கிய பொட்டாசியம் அயோடைடும், சில சொட்டு நைட்ரிக் அமிலமும், நாலு சோதனைக் குழாயுமாகக் கடையில் இறங்கினேன். பேட்டரி சார்ஜ் ஏறக் காத்திருந்த ஒரு லாரி டிரைவர் பீடியை அணைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்து நின்றார்.

முதலில் என் கையை ஈரப் பஞ்சால் துடைத்து, அமிலம் கலந்த தண்ணீரில் அலசி, அதில் அயோடைடைச் சொட்டினேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"என்ன மாப்ள, ஒண்ணையும் காணோம்?"

"அதுதான் மச்சான் வேணும். என் கை சுத்தம்."

"வேலை செஞ்சாத்தானே அழுக்காகும்" என்றார் டிரைவர். மச்சான் அன்றைக்கு முதன்முதலாகச் சிரித்தார்.

அடுத்து மச்சானின் கை. பஞ்சு உள்ளங்கையைத் தாண்டுவதற்குள் கறுத்துவிட்டது. அலசி, கசடு அடங்கியதும் தெளிந்த தண்ணீரை மட்டும் வேறு குழாயில் ஊற்றினேன். அயோடைடைச் சொட்டினேன். பளீரென்று மஞ்சள். மேகம் மாதிரி திரண்டு மெல்ல அடியில் இறங்கியது. காரீயம் இருந்தால் இப்படித்தான் வரும் என்று நூறு தடவை எழுதியிருக்கிறேன். கல்லூரியில் இவ்வளவு நல்ல மஞ்சள் எனக்கு ஒரு தடவையும் வந்ததில்லை.

"ஏய்யா, தங்கமா?" என்றார் டிரைவர் குனிந்து.

"தங்கமாயிருந்தா இவன் எதுக்கு உரக்கடையில உக்காந்திருக்கான்" என்றார் மச்சான். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. "இம்புட்டும் என் கையிலயா?"

"கையில இருந்தது மட்டும். வடையோட உள்ள போனது தனி."

செந்தூரத்தையும் சோதித்தேன். அது பழுப்பாகக் கலங்கி நின்றது. அதில் இரும்பு இருந்தால் அது என் சோதனையைக் குழப்பிவிடும். வேறென்ன இருக்கிறது என்று என் ஒரு பாட்டில் வேதியியலுக்குப் பிடிபடவில்லை. தெரியவில்லை என்று சொன்னேன். ஒரு வைத்தியர் வாயிலிருந்தும் தான் இதுவரை அந்த வார்த்தையைக் கேட்டதில்லை என்றார் மச்சான். டப்பாவை மூடி டிராயரில் வைக்காமல், பழைய இரும்புக் குவியலில் போட்டார்.

டிரைவர் போனதும், "மதுரைக்கு எப்பப் போறோம்?" என்றார்.

மதுரையில் அந்த டெஸ்ட் எடுக்கிற டாக்டரின் வீட்டு மாடியில் கூட்டமே இல்லை. இருந்த மூன்று ஆண்களும் ஆளுக்கொரு செய்தித்தாளை முகத்துக்கு நேராக விரித்திருந்தார்கள். அதில் ஒருவர் தலைகீழாகப் பிடித்திருந்தார். மச்சானிடம் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து ஓர் அறையைக் காட்டினார்கள். வெகுநேரம் கழித்து வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"ஏலே, செவரு பூரா சாமி காலண்டர் மாட்டிருக்கான். முருகன் பாத்துக்கிட்டே இருக்காரு."

"என்ன செஞ்சீக?"

"அவரைத் திருப்பி மாட்டிட்டு வந்தேன்."

சாயங்காலம் டாக்டர் கூப்பிட்டார். சுற்றி வளைக்காதவர். எண்ணிக்கை குறைவு, ஓட்டமும் மந்தம், ஆனால் இல்லவே இல்லை என்று சொல்வதற்கில்லை என்றார். என்ன தொழில் என்று கேட்டார். சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் முந்திக்கொண்டு காரீயம், துத்தநாகம் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி சொல்றதுல பாதி சரி. காரீயம் காரணமா இருக்கலாம். அது ஒண்ணுதான் காரணம்னு இப்ப நானும் சொல்ல முடியாது. ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு பாக்க இங்க வசதி இல்ல. ஜிங்க்கை அள்ளிப் போடாதீங்க. அதிகமானா அது வேற கோளாறு. கடலை, எள்ளு, மொச்சை, கறி, முட்டைன்னு சாப்பாட்டைச் சாப்பாடாச் சாப்பிடச் சொல்லுங்க. அந்தத் தூசியும் புகையும் மொதல்ல நிக்கணும். புது அணு உருவாகி வர ரெண்டரை மூணு மாசம் ஆகும். அதுக்கப்புறம் வாங்க, திரும்பப் பாப்போம்."

"கடையை மூடிறணுமா டாக்டர்?" மச்சானின் குரல் இறங்கியிருந்தது.

"மூட வேண்டாம். கை கழுவுங்க."

திரும்பும் பஸ்ஸில் அருப்புக்கோட்டை வரை மச்சான் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். இவ்வளவு செலவழித்து வந்து கை கழுவச் சொல்லிக் கேட்டுக்கொண்டு போகிறோமே என்று யோசிக்கிறார் என நினைத்தேன். இறங்கும்போதுதான் சொன்னார்: "ஞாயித்துக்கெழமை அம்மா பாலவனத்தம் போறாக. பூ வைக்க."

மூன்று மாசம் என்று டாக்டர் சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உடம்புக்கு மூன்று மாசம் தேவை. அத்தைக்கு மூன்று நாள் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் பந்தல்குடியில் இருந்தேன். அத்தை பட்டுச்சேலை கட்டி, தாம்பாளத்தில் பூவும் பழமும் அடுக்கியிருந்தார். அதை அடுக்கிக் கொடுத்தவள் அக்கா. தாம்பாளத்தைத் துடைத்து, பழத்தைச் சரிபார்த்து, காம்பு ஒடிந்த வெற்றிலையைப் பொறுக்கி எடுத்து, வேறு வைத்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை நான் அதிக நேரம் பார்க்கவில்லை.

மச்சான் சட்டை போட்டு வந்தார். "நானும் வாரேன்மா."

அத்தைக்குச் சந்தோஷம். "நீ எதுக்குய்யா? மாப்பிள்ளை இப்பவே வரக் கூடாது."

"இல்ல, வந்து அவுககிட்ட ஒரு சங்கதி சொல்லணும். மதுரையில டெஸ்ட் எடுத்தேன். கொறை எங்கிட்டத்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு. பொண்ணு குடுக்குறவுகளுக்குத் தெரியணும்ல."

வெற்றிலை பொறுக்கிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

அத்தை என்னைத்தான் பார்த்தார். "இது உம்ம வேலைதானே? படிச்சிருக்கோம்னு எம்மகனை ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி என்னத்தயாச்சும் சொல்ல வச்சிருக்கீரு."

"அவன் கூடத்தான் வந்தான். டப்பாவை வாங்கிட்டுப் போனது நான்தான்" என்றார் மச்சான்.

"எந்த டாக்டர் சொன்னா என்ன? எனக்கு ஏழு பெத்துத் தெரியும். ஆம்பளைக்கு ஏதுய்யா கொறை?"

"சரி, இல்லன்னே வச்சுக்கோங்க. நான் வந்து டாக்டர் சொன்னதை மட்டும் சொல்றேன். பாலவனத்தத்துக்காரவுக முடிவு பண்ணட்டும்."

"வாயை மூடு!" அத்தை எழுந்து வாசல் கதவைச் சாத்தினார். "பாலவனத்தத்துல சொன்னா பொழுது சாயுறதுக்குள்ள விருதுநகர் பூராத் தெரியும். வீரசோழன்ல என் நாத்தனா வீடு வரைக்கும் போகும். எம்மகனைப் பத்தி ஊர்ல பேசவா?"

அக்காவைப் பற்றி நான்கு வருஷமாக அதே விருதுநகரிலும் வீரசோழனிலும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அதற்கு யாரும் கதவைச் சாத்தியதில்லை. இதைச் சொல்ல எனக்கு நாக்குத் துறுதுறுத்தது. அக்கா கண்ணாலேயே அடக்கிவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை பட்டுச்சேலையை மாற்றிக்கொண்டு வந்தார். "எனக்கு மேலுக்குச் சரியில்லைன்னு சொல்லி அனுப்பு. தை போகட்டும். பங்குனி வரைக்கும் பாப்போம்." பிறகு, யாரிடமென்றில்லாமல், "அந்தப் பழத்தை எடுத்துத் தின்னுங்க. அழுகிப் போகும்" என்றார்.

அக்காவைக் காப்பாற்றியது என் வேதியியல் இல்லை, டாக்டரின் ஞானமும் இல்லை. இத்தனை நாள் அவள் தலையில் ஏறி உட்கார்ந்திருந்த அதே குடும்ப மானம்தான் அன்றைக்கு இடம் மாறி உட்கார்ந்து அவளைக் காப்பாற்றியது. ஆனால் பங்குனி வரைக்கும்தான்.

இதை எழுதுகிற இந்த வாரம்தான் வேலை தொடங்கியிருக்கிறது. கறுப்புப் பெட்டியை எடுத்து வெளியே போட்டாயிற்று. மண்பானை வந்திருக்கிறது. கைகழுவ மட்டும் தனியாக ஒரு டிரம். தண்ணீர் வராத நாளிலும் அதை வேறு எதற்கும் எடுக்க மாட்டேன் என்று மச்சான் சத்தியம் செய்திருக்கிறார். வேலைச் சட்டையை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. அதை அக்கா தனியாகத் துவைக்கலாமா, அவளுக்கும் அந்தத் தூசி ஆகாதே என்று நான் கேட்டேன். மச்சான் தானே துவைக்கிறார். அத்தை அதைப் பார்ப்பதில்லை. அந்த நேரத்துக்குச் சரியாகக் கோயிலுக்குப் போய்விடுகிறார்.

நாளைக்கு அடுப்பைப் பெயர்க்கிறோம். கடைக்குப் பின்னால் ஒரு இடம் பார்த்தோம்; காற்று வீட்டுக்குள் தள்ளுகிறது. ரோட்டோரம் பார்த்தோம், டீக்கடைக்காரர் சண்டைக்கு வந்தார், அவர் சொன்னதும் நியாயம். கடைசியில் எதிர்ப்பக்கத்துப் பொட்டலில் ஆளில்லாத ஒரு மூலை. அங்கே ஓர் உயரமான புகைக்குழாய் நிறுத்தி, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு மச்சான் உருக்க வேண்டும். குழாய் எவ்வளவு உயரம் என்பதில் எனக்கும் அவருக்கும் இன்னும் தகராறு முடியவில்லை. அவர் சொல்கிற உயரத்துக்கு நிறுத்தி, காற்று எப்படிப் போகிறதென்று முதலில் வைக்கோல் புகை போட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு.

மாசியில் திரும்ப மதுரைக்குப் போக வேண்டும். நான் லீவு சொல்லி வைக்கவா என்று கேட்டேன்.

"நீ வர வேண்டாம் மாப்ள. உங்கக்காவைக் கூட்டிட்டுப் போறேன். டாக்டர் சொல்றதை அவளும் காதால கேக்கட்டும்."